மாற்றியது யார்? எப்போது? ஏன்?

வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கிற சகோதரிகள் ஒரு நிமிஷம் எழுந்துபோய் அதைத் திறந்து பாருங்கள். ‘மளிகை லிஸ்ட்’, ‘மளிகை லிஸ்ட் புதுசு’, ‘மளிகை லிஸ்ட் கடைசி’, ‘கடைசி - இதுதான் சரி’ என்று ஒன்றன் கீழ் ஒன்றாக நாலு ஃபைல் உட்கார்ந்திருக்கிறதா? இல்லையென்றால் நீங்கள் பலே கெட்டிக்காரி. இருக்கிறதென்றால் மேலே படியுங்கள்.

மளிகை லிஸ்ட் மாறிப்போனால் அரைக் கிலோ துவரம்பருப்பு கூடுதலாக வரும், அவ்வளவுதான். குழந்தைக்குத் தடுப்பூசி போட்ட தேதி, மாமியாரின் மாத்திரை அளவு, மகளிர் குழுவின் கடன் பாக்கி இவையெல்லாம் அப்படிப் போகிற விஷயமா? எது பழசு, எது புதுசு, நடுவில் யார் கை வைத்தார்கள், எதற்காக மாற்றினார்கள் என்பதெல்லாம் ஒருநாள் தேவைப்படும். அந்த நேரம் பார்த்துத்தான் தெரியாமல் போகும்.

இதற்கென்றே ஒரு மென்பொருள் இருக்கிறது. ‘வெர்ஷன் கண்ட்ரோல்’ என்கிறார்கள். எழுதின ஒரு ஃபைலின் எல்லா நிலைகளையும், மாற்றியவர் பெயர், தேதி, காரணத்தோடு காப்பாற்றி வைக்கிற ஏற்பாடு. அதில் இன்று உலகம் முழுக்கப் புழங்குவது ‘கிட்’. ஜி, ஐ, டி என்று மூன்றே எழுத்து. காலணா செலவில்லை. ‘அதெல்லாம் கம்ப்யூட்டர் என்ஜினீயர்கள் சமாசாரம்’ என்றுதான் நானும் கேள்விப்பட்டிருந்தேன். அது எங்கள் சமையலறை வரை வந்த கதையைச் சொல்கிறேன்.

எங்கள் ஊர் கலசப்பாக்கம். செய்யாற்றங்கரை. மேற்கே திரும்பினால் ஜவ்வாது மலை. என் மாமியாருக்கு எழுபத்தெட்டு வயசு. ரத்த அழுத்தம், சர்க்கரை இரண்டும் உண்டு. மூன்று வீட்டில் மாறி மாறி இருப்பார். வேலூரில் கொழுந்தனார் வீடு, கலசப்பாக்கத்தில் நாங்கள், சித்திரை வைகாசி வெயிலுக்கு மலைமேல் ஜமுனாமரத்தூரில் டீச்சராக இருக்கிற நாத்தனார் வீடு. மாத்திரை லிஸ்ட்டும் அவரோடு கூடவே ஊர் ஊராகப் போகும். கம்ப்யூட்டரில் அடித்து, வாட்ஸ்அப்பில் அனுப்புவது வழக்கம்.

போன வருஷம் வேலூரில் ஒரு டாக்டர் பிரஷர் மாத்திரையை வேறு கம்பெனி மாத்திரையாக எழுதிக் கொடுத்தார். லிஸ்ட்டில் புதுப் பெயர் ஏறியது. மலைமேல் போன் சிக்னல் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. அங்கே நாத்தனாரிடம் இருந்தது பழைய லிஸ்ட். புதுசு இரண்டு நாள் கழித்துப் போய்ச் சேர்ந்தது. எதுவும் விட்டுப்போகக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டது. ஆனி பிறந்து மாமியார் எங்களிடம் வரும்போது கணுக்கால் இரண்டும் வீங்கியிருந்தது. ஒருநாள் காலை குளியலறையிலிருந்து வெளியே வந்தவர் தலைசுற்றி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நல்லவேளை, விழவில்லை.

போளூரில் டாக்டரிடம் காட்டினோம். “மாத்திரை அட்டை எல்லாத்தையும் எடுத்தாங்க” என்றார். பரப்பி வைத்தோம். இரண்டைத் தனியே எடுத்துக் காட்டினார்.

“இது ரெண்டும் ஒண்ணுதாம்மா. அம்லோடிபின். கம்பெனிதான் வேற. ரெண்டு மடங்கு மருந்து உள்ளே போயிருக்கு, கால் வீங்காம என்ன செய்யும்? எத்தனை நாளா சேர்த்துக் குடுக்கறீங்க?”

யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. என் போனில் மட்டும் ஏழு லிஸ்ட் இருந்தது. ஏழுக்கும் ‘ஆயா மருந்து’ என்றே பெயர். டாக்டர் ஒன்றை நிறுத்தச் சொன்னார். சில நாளில் வீக்கம் வடிந்தது. ஆனால் வீட்டில் எழுந்த பேச்சு அத்தனை சீக்கிரம் வடியவில்லை. வேலூரில் சரியாகச் சொல்லவில்லை என்றார் ஒருவர், மலையில் சரியாகப் பார்க்கவில்லை என்றார் இன்னொருவர். இந்த மாதிரி சமயத்தில் நம் குடும்பங்களில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியாததல்ல. மாத்திரையை எடுத்துக் கொடுத்த கை எந்தப் பெண்ணுடையதோ, பழி அவள் தலையில்தான். உண்மையில் நடந்தது என்ன என்று காட்ட எங்களிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

அப்போது என் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்து வீட்டில் இருந்தாள். சென்னையில் சாஃப்ட்வேர் கம்பெனி வேலை. 2017-ல் சட்டத்தைத் திருத்தியதிலிருந்து கிடைக்கிற 26 வாரப் பேறுகால விடுப்பு. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே குழந்தைக்குக் கால் நீவிக்கொண்டிருந்தவள் சொன்னாள்:

“ஏம்மா, எங்க ஆபீஸ்ல முப்பது பேர் ஒரே ஃபைல்ல கை வைப்போம். எந்த வரிய யாரு எப்ப மாத்துனாங்கன்னு ஒரு நொடியில எடுத்துக் காட்டிடலாம். நம்ம வீட்ல நாலு பேரு. ஆயா மாத்திரைக்கு இவ்ளோ கலாட்டாவா?”

பத்து நாளில் பிறந்த பிள்ளை

அவள் வாயிலிருந்து கேட்ட கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், சுவாரஸ்யமானது.

லினக்ஸ் என்று ஒரு இயங்குதளம் உண்டு. உலகத்தின் பல மூலைகளிலும் இருக்கிறவர்கள் சேர்ந்து எழுதுவது. ஆயிரக்கணக்கான பேர் கை வைக்கிற சமையல் என்று வைத்துக்கொள்ளுங்களேன். யார் எந்தப் பாத்திரத்தில் உப்புப் போட்டார்கள் என்று கணக்கு வைக்க அவர்கள் ‘பிட்கீப்பர்’ என்ற ஒரு கம்பெனியின் மென்பொருளை இலவசமாக உபயோகித்து வந்தார்கள். 2005-ல் அந்த இலவசம் நின்றுபோனது. லினக்ஸைத் தொடங்கிய ஃபின்லாந்துக்காரர் லினஸ் டோர்வால்ட்ஸ் தாமே ஒன்றை எழுத உட்கார்ந்தார். ஏப்ரல் 3-ஆம் தேதி ஆரம்பம். ஏப்ரல் 7-ஆம் தேதி அந்த மென்பொருள் தன்னுடைய மாற்றங்களைத் தானே குறித்து வைக்கத் தொடங்கிவிட்டது! அதே வருஷம் ஜூலையில் ஜூனியோ ஹமானோ என்பவரிடம் வளர்க்கும் பொறுப்பை ஒப்படைத்தார். பெற்றவர் ஒருவர், வளர்த்தவர் ஒருவர். இன்று வரை வளர்ந்துகொண்டே இருக்கிறது. ‘கிட்’ என்றால் இங்கிலாந்துப் பேச்சுவழக்கில் ‘சகிக்க முடியாத ஆள்’ என்று அர்த்தமாம். “நான் எழுதுவதற்கெல்லாம் என் பெயரைத்தான் வைப்பேன்” என்று அவரே கேலி செய்துகொண்டாராம்.

எண்ணம் ஒன்றும் 2005-ல் பிறந்ததல்ல. 1972-லேயே அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் மார்க் ராச்கைண்ட் என்பவர் இப்படி ஒன்றைச் செய்திருக்கிறார். நம்மூரில் கம்ப்யூட்டரே இல்லாமல் இதைச் செய்தவர் உண்டே! உ. வே. சாமிநாதையர் 1887-ல் சீவக சிந்தாமணியையும் 1894-ல் புறநானூற்றையும் பதிப்பித்தபோது, ஊர் ஊராகப் போய்ச் சேர்த்த ஏட்டுச் சுவடிகளை வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்த்தார். ஒரு ஏட்டில் ஒரு சொல், இன்னொன்றில் வேறு சொல் என்றால் பாடபேதம் என்று குறித்து வைத்தார். எது சரி என்று மனிதர்தான் தீர்மானிக்க வேண்டும். ஆனால் பேதம் இருப்பது கண்ணில் பட வேண்டும். கிட் செய்வதும் இதைத்தான்.

எப்படிப் பொருத்துவது?

எங்கள் வீட்டில் இருப்பது பழைய மடிக்கணினி. 2011-ல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் என் மகனுக்குப் பள்ளியில் கிடைத்தது. அட்டைப்பெட்டியில் தூங்கிக்கொண்டிருந்ததை மகள் எடுத்து, பழைய விண்டோஸை நீக்கிவிட்டு ‘உபுண்டு’ என்கிற லினக்ஸை ஏற்றினாள். கிட்டுக்குப் பெரிய கம்ப்யூட்டர் வேண்டியதில்லை என்பது எனக்குப் பெரிய ஆறுதல். உபுண்டுவில் ஒரே வரி: ‘சூடோ ஏபிடி இன்ஸ்டால் கிட்’. அடித்து, கேட்கிற பாஸ்வேர்டைக் கொடுத்தால் தானே வந்து உட்கார்ந்துகொள்ளும். நான் இங்கே தமிழில் எழுதுகிற கட்டளைகளையெல்லாம் கம்ப்யூட்டரில் இங்கிலீஷ் எழுத்தில்தான் அடிக்க வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

கொழுந்தனார் வீட்டில் விண்டோஸ். அவருக்கு மகள் போனிலேயே சொல்லிக் கொடுத்தாள். ‘கிட்-எஸ்சிஎம் டாட் காம்’ என்ற தளத்தில் விண்டோஸுக்கான ஃபைலை இறக்கிக்கொண்டு, இரண்டு தட்டுத் தட்டினால் வரிசையாகக் கேள்விகள் கேட்கும். பொண்ணு பார்க்க வந்தவர்கள்கூட இத்தனை கேள்வி கேட்டதில்லை! பயப்பட வேண்டாம். ‘நெக்ஸ்ட், நெக்ஸ்ட்’ என்று போய்க்கொண்டே இருக்கலாம், ஒரே ஒரு இடம் தவிர. ‘எந்த எடிட்டர் வேண்டும்?’ என்று கேட்குமிடத்தில் முன்கூட்டியே ‘விம்’ என்று இருக்கும். அதற்குள் நுழைந்த புதியவர்கள் வெளியே வர வழி தெரியாமல் தவிப்பது உலகப் பிரசித்தமாம். அங்கே ‘நோட்பேட்’ என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

பொருத்தி முடிந்ததும் அதனிடம் உங்கள் பெயரையும் ஈமெயிலையும் சொல்லி வைக்க வேண்டும். ‘கிட் கான்ஃபிக் --குளோபல் யூசர் டாட் நேம்’ என்று அடித்து, பிறகு மேற்கோள் குறிக்குள் பெயர். இதே மாதிரி ‘யூசர் டாட் ஈமெயில்’. இதை ஒரு தரம் செய்தால் போதும். பெயரைத் தமிழிலேயே கொடுக்கலாம். இனி நீங்கள் செய்கிற ஒவ்வொரு மாற்றத்திலும் இந்தப் பெயர் விழும். சிட்டை நோட்டில் கையெழுத்துப் போடுகிற மாதிரி.

அப்புறம் ஒரு ஃபோல்டர். நாங்கள் ‘வீடு’ என்று வைத்தோம். அதற்குள் போய் ‘கிட் இனிட்’ என்று அடித்தால் அந்த ஃபோல்டர் கிட்டின் பொறுப்புக்கு வந்துவிடும். உள்ளே கண்ணுக்குத் தெரியாமல் ‘டாட் கிட்’ என்று ஒரு குட்டி ஃபோல்டர் உண்டாகும்; சரித்திரம் முழுக்க அதற்குள்தான் இருக்கிறது. இடத்தை அடைக்கிறதே என்று யாராவது அதை அழித்தால், இத்தனை நாள் சேர்த்ததெல்லாம் போச்சு.

முறத்தில் எடுத்து, டப்பாவில் போட்டு…

இனி தினசரி உபயோகம். இதில் இரண்டு படி இருக்கிறது, அதுதான் ஆரம்பத்தில் எனக்குக் குழப்பமாக இருந்தது. ஃபைலில் மாற்றத்தை எழுதி வழக்கம்போல சேவ் செய்கிறோம். பிறகு ‘கிட் ஆட்’, அதன்பின் ஃபைலின் பெயர். அதற்கப்புறம் ‘கிட் கமிட்’. ஏன் இரண்டு தடவை என்று கேட்டேன்.

“மொதல்ல முறத்துல எடுத்து வெச்சுக்கற. பாத்துட்டு அப்புறம் டப்பாவுல போட்டு சீட்டு ஒட்டற. அவ்ளோதாம்மா” என்றாள்.

பளிச்சென்று புரிந்துவிட்டது. பத்து விஷயம் மாற்றியிருந்தாலும், மாத்திரை சம்பந்தப்பட்டதை மட்டும் முறத்தில் எடுத்து ஒரு டப்பாவாகவும், பால் கணக்கைத் தனி டப்பாவாகவும் போடலாம். ‘கமிட்’ செய்யும்போது ஒரு குறிப்பு எழுதாமல் விடாது. அதுதான் டப்பா மேல் ஒட்டுகிற சீட்டு.

என்னைக் கேட்டால் இந்தச் சீட்டுதான் முழு விஷயமும். ‘மாற்றம்’ என்று மொட்டையாக எழுதி வைத்தால் ஆறு மாசம் கழித்து உங்களுக்கே புரியாது. ‘பிரஷர் மாத்திரை கம்பெனி மாற்றம், மருந்து அதேதான், பழைய அட்டையை நிறுத்த வேண்டும், வேலூர் டாக்டர் சொன்னது’ என்று எழுதினால்? அந்த ஒரு வரி எங்களிடம் இருந்திருந்தால் மாமியார் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்க மாட்டார். என்ன மாறியது என்று கம்ப்யூட்டர் தானே கண்டுபிடித்துக்கொள்ளும். ஏன் மாறியது என்பது மாற்றினவருக்கு மட்டும்தான் தெரியும்.

‘கிட் லாக்’ என்று அடித்தால் மேலிருந்து கீழாகச் சீட்டுகள் மட்டும் வரிசையாக வரும்: யார், எப்போது, ஏன். ஒவ்வொன்றின் தலையிலும் நாற்பது எழுத்தில் ஒரு நீள எண் இருக்கும். அது அந்த நிலையின் கைரேகை. பழைய விஷயத்தில் ஒரே ஒரு எழுத்தை மாற்றினாலும் கைரேகை வேறாகிவிடும். அதனால் மற்றவர் பிரதியோடு ஒத்துப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். ‘கிட் டிஃப்’ என்று அடித்தால், நீங்கள் இப்போது மாற்றி இன்னும் முறத்தில் வைக்காதது தெரியும். பழைய வரி கழித்தல் குறியோடு சிவப்பில், புது வரி கூட்டல் குறியோடு பச்சையில். ஏற்கெனவே டப்பாவில் போட்டதைப் பார்க்க ‘கிட் ஷோ’. ஒன்று வெளியே போய், இன்னொன்று உள்ளே வந்திருக்கிறது என்பது படிக்காமலே கண்ணுக்குத் தெரியும். எங்கள் வீட்டில் இரண்டு மாத்திரையும் சேர்ந்து உள்ளே போனதற்கு, இந்தச் சிவப்பு வரி யார் கண்ணிலும் படாததுதான் காரணம்.

பழைய நிலைக்குத் திரும்ப வேண்டுமா? இன்னும் முறத்தில் வைக்காத மாற்றத்தைக் கைவிட ‘கிட் ரெஸ்டோர்’. சீட்டு ஒட்டி டப்பாவில் போட்டதை மாற்ற ‘கிட் ரிவர்ட்’. இந்த இரண்டாவது எனக்கு ரொம்பப் பிடித்தது. பழசை அழிப்பதில்லை, ‘அதை மாற்றிக்கொண்டோம்’ என்று புதுசாக இன்னொரு சீட்டு ஒட்டுகிறது.

மலைக்கும் வேலூருக்கும்

கிட்டில் ஒவ்வொருவரிடமும் முழுப் பிரதியும், முழுச் சரித்திரமும் இருக்கும். நடுவில் ஒரு பெரிய கம்ப்யூட்டர் இருந்தே ஆகவேண்டும் என்பதில்லை, இணையமும் எப்போதும் தேவையில்லை. எழுதி, சீட்டு ஒட்டி, பழசைப் புரட்டிப் பார்ப்பது எல்லாம் சிக்னல் இல்லாமலே நடக்கும். ஜமுனாமரத்தூர் நாத்தனாருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? சிக்னல் கிடைக்கும்போது பரிமாறிக்கொண்டால் போதும். நம்முடையதை அனுப்புவது ‘புஷ்’, அவர்களுடையதை வாங்குவது ‘புல்’.

பரிமாற்றத்துக்கு இரண்டு வழி. ஒன்று, ‘கிட்ஹப்’ மாதிரியான இணைய தளம். 2020 ஏப்ரலிலிருந்து அங்கே எத்தனை பேர் வேண்டுமானாலும் சேர்ந்து தனிப்பட்ட கணக்கை இலவசமாக வைத்துக்கொள்ளலாம். ‘பிரைவேட்’ என்பதைத் தேர்ந்தெடுத்தீர்களா என்று இரண்டு தரம் பாருங்கள். ‘பப்ளிக்’ என்று விட்டால் மாமியாரின் சர்க்கரை அளவை ஊர் உலகம் படிக்கும். 2021 ஆகஸ்டிலிருந்து கட்டளை வழியாக அனுப்பும்போது அங்கே சாதாரண பாஸ்வேர்டு செல்லாது. புதியவர்கள் விண்டோஸில் ‘கிட்ஹப் டெஸ்க்டாப்’ என்ற மென்பொருளைப் போட்டுக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை. கட்டளை அடிக்காமல் பொத்தானைத் தட்டியே எல்லாம் செய்யலாம். கொழுந்தனார் அதைத்தான் வைத்திருக்கிறார்.

இன்னொரு வழி பென்டிரைவ். அதையே நடு வீடாக வைத்துக்கொள்ளலாம். மாமியார் மலைக்குப் போகும்போது மாத்திரைப் பையிலேயே பென்டிரைவும் போகும். முதல் தடவை செருகும்போது ‘இந்த ஃபோல்டர் யாருடையது என்று சந்தேகமாக இருக்கிறது’ என்கிற பாவனையில் கிட் மறுக்கலாம். பாதுகாப்புக்காக 2022-ல் சேர்த்த ஏற்பாடு அது. என்ன அடிக்க வேண்டும் என்று அதே செய்தியில் அதுவே சொல்லும். உங்கள் பென்டிரைவ்தான் என்று நிச்சயமாகத் தெரிந்தால் அப்படியே அடித்து அனுமதி கொடுங்கள்.

இருவர் ஒரே வரியை இரண்டு விதமாக மாற்றிவிட்டால்? வாட்ஸ்அப்பில் கடைசியாக வந்தது ஜெயிக்கும். கிட் அப்படிச் செய்யாது. ‘இங்கே மோதல்’ என்று நின்றுவிடும். உங்கள் வரி, அவர் வரி இரண்டையும் ஒன்றன் கீழ் ஒன்றாக வைத்து, நடுவில் கோடு கிழித்து, நீங்களே தீர்மானியுங்கள் என்று காத்திருக்கும். முதல் முறை அந்தக் குறிகளைப் பார்த்து நாத்தனார் பயந்துபோய், “அண்ணி, என்னவோ உடைஞ்சு போச்சு!” என்று போன் செய்தார். உடையவில்லை. சர்க்கரை மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னா, பின்னா என்பதில் இரண்டு வீட்டில் இரண்டு விதமாக எழுதியிருந்தார்கள். டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டுத் தீர்த்துக்கொண்டோம்.

ஆனால் ஒன்று. கிட்டுக்கு மருந்து தெரியாது. ஒரே மருந்தை இரண்டு பெயரில் இரண்டு வேறு இடத்தில் எழுதி வைத்தால், இரண்டும் சரிதான் என்று அது பாட்டுக்குச் சேர்த்துக்கொள்ளும். அதற்கு நாம்தான் வழி செய்துகொள்ள வேண்டும். எங்கள் ஃபைலில் ஒரு வரிக்கு ஒரே மருந்து. வரியின் தொடக்கத்தில் மருந்தின் மூலப் பெயர், பிறகு அளவு, வேளை, கடைசியில் கம்பெனி வைத்த பெயர். மூலப் பெயர் அட்டையிலேயே அச்சிட்டிருக்கும். ஃபைல் அகரவரிசையில் இருக்கும். அதனால் ஒரே மருந்து இரண்டு வந்தால் அடுத்தடுத்து நின்று காட்டிக்கொடுத்துவிடும். எத்தனை அழகாக லிஸ்ட் வைத்தாலும் டாக்டரிடம் போகும்போது அட்டைகளை எடுத்துப்போவதை நிறுத்தாதீர்கள், நாமே எதையும் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

எதையெல்லாம் இதில் வைக்கக் கூடாது என்றும் சொல்ல வேண்டும். கல்யாண வீடியோ, குழந்தையின் நூறு போட்டோ ஆகியவை இதற்கு ஏற்றவையல்ல. கிட்ஹப்பில் 100 எம்பிக்கு மேற்பட்ட ஃபைலை ஏற்கவே மாட்டார்கள். வேர்டு, எக்ஸெல் ஃபைல்களை வைக்கலாம், ஆனால் எந்த வரி மாறியது என்று அதால் எடுத்துக் காட்ட முடியாது. நோட்பேடில் எழுதுகிற சாதாரண எழுத்து ஃபைல்தான் உத்தமம். பாங்க் பாஸ்வேர்டு, ஏடிஎம் ரகசிய எண் ஆகியவற்றை எழுதவே எழுதாதீர்கள். பிறகு அழித்தாலும் பழைய நிலையில் அப்படியே இருக்கும். மறக்காமலிருப்பதுதானே அதன் வேலை! இன்னும் ஒன்று: எல்லாம் ஒரே கம்ப்யூட்டரில் இருந்து அது கெட்டுப்போனால் சரித்திரமும் கூடவே போகும். இன்னொரு வீட்டில் ஒரு பிரதி இருந்தே ஆகவேண்டும்.

கைக்குழந்தைக்காரிகளுக்கு

மாத்திரைக் கணக்கை விட்டுத் தள்ளுங்கள். மகள் தன் வேலைக்கே இதை வைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்துத்தான் எனக்கு இதன் மேல் மதிப்பு வந்தது. விடுப்பு முடிகிற சமயம், வீட்டிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய பாடங்களைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து நிமிஷம் உட்கார்வதற்குள் தொட்டிலில் அழுகை. எழுந்திருக்கும் முன் ஒரு கையால் ‘கமிட்’ அடித்து, ‘இதுவரை சரி, அடுத்து கூட்டல் பகுதியைப் பார்க்க வேண்டும்’ என்று எழுதிவிட்டுப் போவாள். பால் கொடுத்து, துணி மாற்றி, தூங்கவைத்து, தானும் ஒரு கண் அசந்து இரண்டு மணி நேரம் கழித்து வந்தால், எங்கே விட்டோம் என்று தலையைச் சொறிய வேண்டியதில்லை. வீட்டு வேலைக்கு நடுவே கதை எழுதுகிறவர்கள், டியூஷனுக்குக் கேள்வித்தாள் தயாரிக்கிறவர்கள், மொழிபெயர்க்கிறவர்கள் யாராக இருந்தாலும் இது உதவும். ஒரே மூச்சில் நாலு மணி நேரம் உட்கார நமக்கு யார் விடுகிறார்கள்?

சாஃப்ட்வேர் வேலையை விட்டுவிட்டு, குழந்தை வளர்ந்ததும் திரும்பப் போக நினைக்கிற பெண்களுக்கு இது தெரிந்தே இருக்க வேண்டியது. இது ஒன்று மட்டும் தெரிந்தால் வேலை கிடைத்துவிடும் என்று யாராவது பணம் கட்டச் சொன்னால் நம்பாதீர்கள். இலவசமாகவே கற்கலாம். 2012-லிருந்து வருகிற ‘கணியம்’ இணைய இதழில் இந்த மாதிரி விஷயங்களைத் தமிழிலேயே எழுதுகிறார்கள். து. நித்யா என்கிற பெண்மணி அதில் எழுதிய ‘எளிய தமிழில்’ வரிசைப் புத்தகங்களை இலவசமாக இறக்கிப் படிக்கலாம். பெண்களுக்கும், இந்தத் துறையில் வாய்ப்புக் குறைந்த மற்றவர்களுக்கும் உதவித்தொகையோடு வீட்டிலிருந்தே பயிற்சி தரும் ‘அவுட்ரீச்சி’ என்ற சர்வதேசத் திட்டமும் இருக்கிறது. கிட்டை வளர்க்கிறவர்களும் அதில் பங்கெடுத்திருக்கிறார்கள்.

எதையும் கம்ப்யூட்டரில் பொருத்தாமல், இந்த முறையைச் சும்மா கண்ணால் பார்க்க ஆசையா? 2003-ல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவைத் திறந்து, உங்கள் ஊர்ப் பக்கத்துக்குப் போய், மேலே இருக்கிற வரலாறு என்ற இடத்தைத் தட்டுங்கள். அது கிட் அல்ல. ஆனால் அந்தப் பக்கத்தை முதலில் எழுதியது யார், எந்தத் தேதியில் யார் எந்த வார்த்தையை மாற்றினார்கள் என்று எல்லாம் இதே மாதிரி வரிசையாக இருக்கும்.

தமிழில் ஃபைல் பெயர் வைக்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு. ‘மருந்து’ என்று பெயர் வைத்துவிட்டு ‘கிட் ஸ்டேட்டஸ்’ அடித்தால், பெயருக்குப் பதில் சாய்கோடும் எண்களுமாக ஏதோ மந்திரம் மாதிரி வரும். ஃபைல் கெட்டுப்போகவில்லை. ‘கிட் கான்ஃபிக் --குளோபல் கோர் டாட் கோட்பாத் ஃபால்ஸ்’ என்று ஒரு தரம் அடித்துவிட்டால் தமிழ் தமிழாகவே தெரியும். கோட்பாத் என்பதை க்யூ, யூ, ஓ, டி, இ, பி, ஏ, டி, ஹெச் என்று ஒரே சொல்லாகச் சேர்த்து அடிக்க வேண்டும்.